ஐந்தரை மணிப் பச்சை

பிறந்த நாள் முதல் இன்று வரை நான் ஒரு நிறத்தையும் கண்டதில்லை. சிவப்பையும் பச்சையையும் மாற்றிச் சொல்லும் சிலரை நீங்கள் சந்தித்திருக்கக்கூடும்; அவர்களுக்கு நீலமாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை. வெளுப்பு, கறுப்பு, இரண்டுக்கும் இடையே எண்ணி மாளாத சாம்பல் படிகள்: என் உலகம் அவ்வளவே. நீண்ட காலம் இதை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தேன். இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம், ஊர் இதை ஏற்கெனவே அறியும் என்பதுதான். ஊர் எவ்வாறு அறிந்தது என்பதை ஊரார் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தபடி சொல்வது என் கடமை.

இக்குறையுடன் வெயில் பொறுக்காத கண்ணும் சேர்ந்தே வந்தது. காலை பத்து மணிக்கு மேல் வெளியே இறங்கினால், அடுப்பில் பால் பொங்கி வழிவதுபோல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பொங்கி, மனிதர், மாடு, மரம் அனைத்தையும் மூடிவிடும். ஆகவே இருபது வயது முதல் கறுப்புக் கண்ணாடியும் குடையும் இல்லாமல் நான் தெருவில் நடந்ததில்லை. திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, குடமுருட்டிக் கரையிலுள்ள எங்கள் ஊர் இதைத் தன் போக்கில் விளங்கிக்கொண்டது. படித்தவர், நிலபுலம் உள்ளவர், அதற்கேற்ற மிடுக்கு என்றது. கண்ணுக்கு அஞ்சி விடியற்காலையிலும் மாலையிலும் மட்டுமே வயலுக்குப் போனேன். சுறுசுறுப்பு என்று பாராட்டியது. தவறான துணியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வெள்ளையைத் தவிர வேறெதையும் உடுத்தவில்லை. எளிமை என்று மெச்சியது. எதிரே வருபவர் பத்தடிக்குள் வந்தால்தான் எனக்கு முகம் தெரியும் என்பதால் யாருக்கும் முதலில் வணக்கம் சொல்லமாட்டேன். அதற்குத் தலைக்கனம் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. குருடு என்பதைவிட அது எனக்கு உகந்ததாக இருந்தது.

ஒரே ஒரு முறை அகப்பட்டிருப்பேன். திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, வேதியியல் செய்முறை வகுப்பு. கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு திரவத்தை விட்டு, கீழே குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றும் கணத்தில் நிறுத்தவேண்டும். என் குடுவையில் எதுவும் தோன்றவில்லை. நான் விட்டுக்கொண்டே இருந்தேன். பேராசிரியர் பின்னால் வந்து நின்றது தெரியாது.

"என்னய்யா, ரோஸ் சர்பத்து போடறீங்களா? நாலு பேருக்குக் காணும் போலிருக்கே!"

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். மறுநாளே கணிதத்திற்கு மாற விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம், கணிதமே தூய அறிவு என்றேன். பி.ஏ. பட்டத்தோடு ஊர் திரும்பி, தந்தையின் நிலத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பெற்றோருக்குப் பின் ஊரில் இதை அறிந்தவள் என் மனைவி ஒருத்தியே. மணமான முதல் வாரம் இரண்டு புடவைகளை விரித்து, பச்சையைக் கட்டவா, நீலத்தைக் கட்டவா என்று கேட்டாள். ஒரே புடவையை ஏன் இரண்டு வாங்கினாய் என்று கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என் காதுக்குள் நிறம் சொல்லும் பழக்கம் தொடங்கியது. தவக்காலத்துப் பூசைக்குப் போகும்போதுகூட, "சாமி ஊதா போட்டிருக்கார்" என்று முணுமுணுப்பாள். தவக்காலத்தில் குருவானவர் வேறு எதைப் போடுவார்! ஆனாலும் சொல்லுவாள், நானும் கேட்டுக்கொள்வேன்.

பிள்ளைகளிடமும் மறைத்தோம். என் தந்தை தம் அத்தை மகளை மணந்தவர்; அதுபோன்ற சொந்தத்தில் இது வரும் என்று திருச்சி மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தார். மகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில், கண் கோளாறுள்ள வீடு என்ற பேச்சு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டுப் பெங்களூர் போனாள். மகன் அமெரிக்கா போனான். மறைப்பதற்கான காரணம் தீர்ந்துவிட்டது. மறைக்கும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

நாடு தன் கதவுகளைத் திறந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதிய ஆண்டுகள் அவை. எங்கள் ஊரில் அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. வரப்பில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகச் சவூதி, சிங்கப்பூர், திருப்பூர் என்று போனார்கள். கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் கலர் டிவி வந்தது. என் மகனும் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தான். அக்கம்பக்கத்தார் வந்து வியந்தபோது, பழைய பெட்டிக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியாததால், ஒலி மிகத் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

ஆண்கள் போன இடத்தில் பெண்கள் வயலில் இறங்கினார்கள். அவர்களுள் ஒருத்தி என் தம்பி முறையானவரின் மருமகள். கணவன் சவூதியில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். ஒன்றரை ஏக்கரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, கணவனின் தம்பி தானே பயிரிடுவதாகச் சொன்னான். அவள் இணங்கவில்லை. கடைசியில் எஸ்.டி.டி. பூத்தில் நின்று மூவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: இந்தச் சம்பா ஒரு போகம் அவள் பொறுப்பு. விளைந்தால் வயல் அவள் கையில் நிற்கும். இல்லையென்றால் தை மாதம் கொழுந்தனிடம் விட்டுவிடவேண்டும். ஊருக்கே தெரிந்த ஏற்பாடு அது.

அந்தப் பருவத்தில்தான் வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் இளம்பெண் அலுவலர் வந்தார். விவசாயிகள் குழுவுக்கு நான் தலைவன். சாண் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்துக் காட்டினார். அடிக்கோல் போன்ற அதில் ஆறு கட்டங்கள். இலை வண்ண அட்டை என்று பெயராம். முதல் கட்டம் வெளிர் பச்சை, ஆறாவது கரும்பச்சை. நெற்பயிரின் உச்சியில் நன்கு விரிந்த இலையை அட்டையின்மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கவேண்டும். பத்து இலைகளில் ஆறுக்குமேல் மூன்றாம் கட்டத்தைவிட வெளுத்திருந்தால் பொன்னிக்கு யூரியா போடலாம், இல்லையென்றால் போடக்கூடாது.

"பத்து மணிக்குள்ள பாத்துடணும் ஐயா. வெயில்ல பாத்தா தப்பாயிடும். உங்க உடம்போட நிழல்லயே வச்சுப் பாக்கணும்" என்றார். "ஊருக்கு ஒரு அட்டைதான் வந்திருக்கு. யாருகிட்ட குடுக்கட்டும்?"

"தலைவர்கிட்டதான் இருக்கணும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

பச்சையை அளக்கும் கருவியை, பச்சை என்றால் என்னவென்றே அறியாதவன் எழுந்து நின்று கைநீட்டி வாங்கிக்கொண்டேன். வேறொருவரிடம் கொடுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். கேட்டவர்கள் கையிலும் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு அந்த மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, வீட்டு வேலைய முடிச்சுட்டு இப்பத்தான் ஓடி வர்றேன். கொஞ்சம் வந்து என் வயலைப் பாத்துச் சொல்லுங்களேன். அவரு தம்பி, பயிரு வெளுத்துக் கெடக்கு, யூரியா போடுங்க அண்ணிங்கறாரு. எனக்கு அவரு பேச்சுல நம்பிக்கை இல்ல."

மாலையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். தலைவர் வெயிலுக்கு அஞ்சுகிறார் என்று ஆகிவிடும் என நினைத்துக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வரப்பில் நின்றபோதுதான் சிக்கல் விளங்கியது. ஒரு கையில் அட்டை, மறு கையில் இலை. குடையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. "குடைய நான் புடிக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். ஒரு பெண் குடை பிடிக்க நான் நிற்பதா? வேண்டாம் என்று குடையை மடக்கி முழங்கையில் மாட்டிக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடிக்குள் ஆறு கட்டங்களும் ஒரே இருட்டாக இருந்தன. கண்ணாடியைக் கழற்றினேன். மேலே சூரியன், கீழே வயல் நீரில் இன்னொரு சூரியன். உடம்பின் நிழல் காலடியில் ஒரு முழம்கூட இல்லை. இலையின் பளபளப்பு வெள்ளைத் தகடுபோல் அடித்தது. கண்ணீர் வழிந்தது. அதை வியர்வை துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு" என்றேன். இன்னும் சில இலைகளை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். "எல்லாமே ரெண்டுதான். யூரியா போடும்மா."

"அப்ப அவரு சொன்னது சரிதானா!" என்று பெருமூச்சு விட்டாள். "சரி மாமா. இன்னிக்கு மூட்டையக் கொண்டாந்துட்டு நாளைக்குக் காலையில போட்டுடறேன்."

அன்று மாலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் வயலுக்குப் போனேன். சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்ட நேரம். கண்ணாடியைக் கழற்றும் நேரம் அது. உலகம் எனக்கு மீண்டும் கூர்மையாகத் திரும்பிவரும். சும்மா வைத்துப் பார்ப்போமே என்று அட்டையை எடுத்தேன். ஆறு கட்டங்களும் ஆற்றுப் படித்துறையின் படிகளைப்போல் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றே அழுத்தமான சாம்பல். என் பயிரின் இலையை வைத்தேன். மூன்றில் வைத்தபோது இலை அட்டையைவிட அழுத்தமாக இருந்தது. நான்கில் வைத்தபோது இலை எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அந்த நொடியில் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லவேண்டும். மற்றவர்கள் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றின் வாசலை என் கண்ணாலேயே தொட்டுவிட்டேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவள் வயல் அடுத்த வரப்பில்தான். பத்து இலைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டு நான்கில் பொருந்தின. இரண்டு மூன்றில் நின்றன. இரண்டில் ஒன்றுகூட இல்லை.

பொன்னி உயரமான பயிர். தேவைக்குமேல் யூரியா கொடுத்தால் தளதளவென்று வளர்ந்து, கார்த்திகை மழைக்கு அப்படியே படுத்துவிடும். புகையான் பூச்சியும் வந்து குடியேறும். அவளுக்கு இருப்பதோ இந்த ஒரே போகம். மதகுக் கட்டையில் உட்கார்ந்து சிறிது நேரம் எனக்கு நானே வாதாடினேன். ஊரே யூரியாவை அள்ளி வீசுகிறது, இவள் ஒருத்தி கூட வீசினால் என்ன என்று ஒரு வாதம். மழை குறைவாகப் பெய்யலாம் என்று இன்னொன்று. கணிதம் படித்தவனுக்கு இரண்டும் வாதங்களாகத் தோன்றவில்லை. எழுந்து அவள் வீட்டுக்கு நடந்தேன்.

யூரியா மூட்டை சுவரோரம் சாய்ந்திருந்தது. கொழுந்தன்தான் தன் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அங்கேயே நின்றிருந்தான். அவன் இல்லாத நேரத்தில் வந்திருக்கலாமே என்று தோன்றியது.

"யூரியாவைப் போட வேணாம்மா" என்றேன்.

"என்ன மாமா, காலையில போடச் சொன்னீங்க?"

"இப்ப சொல்றேன். வேணாம்."

கொழுந்தன் சிரித்தான். "என்ன பெரியப்பா, காலையில ஒரு சட்டம், சாயங்காலம் ஒரு சட்டமா? கவர்மெண்டுகூட ஒரு வாரம் டைம் குடுப்பானே!"

"நீங்க சும்மா இருங்க தம்பி" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, இந்த ஒரு போகத்த வச்சுத்தான் எனக்கு எல்லாமே. இதுல தப்பினா வயலு இவருகிட்ட போயிடும். போடுன்னா போடறேன், வேணாம்னா விட்டுடறேன். ஆனா ஏன்னு சொல்லுங்க. காரணம் தெரியாம நான் எப்படி விடறது?"

நியாயமான கேள்வி. பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "வெயில்ல எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா."

"அதுக்குக் கண்ணாடிய மாத்தணும் பெரியப்பா, யூரியாவ மாத்தக்கூடாது" என்றான் அவன்.

"கண்ணாடி இல்லடா காரணம். எனக்கு நிறமே தெரியாது. பொறந்ததுலேருந்து."

சொல்லிவிட்டேன். நாற்பது ஆண்டுகளாக அஞ்சிய வாக்கியம் இத்தனை சிறியதாக இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

அவன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "நெறம் தெரியாதவரு கையிலயா பச்சை பாக்குற அட்டையக் குடுத்திருக்கு! பல்லு இல்லாதவருகிட்ட கரும்பக் குடுத்த மாதிரி!"

அவள் சிரிக்கவில்லை. "அப்ப சாயங்காலம் மட்டும் எப்படி மாமா தெரிஞ்சுது?"

"நிறம்தான் தெரியாது. எது வெளுப்பு, எது அழுத்தம்னு தெரியும். வெயில் இல்லேன்னா உங்க எல்லாரையும்விட எனக்கு நல்லாவே தெரியும்" என்றேன். கடைசி வாக்கியத்தில் பழைய தலைக்கனம் சற்றுத் தலைகாட்டியதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் கொல்லைப்பக்கம் போனாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் வயல். ஒரு கைப்பிடி இலைகளோடு வந்து, அவற்றைக் கலைத்துக் கலைத்து ஒவ்வொன்றாக நீட்டினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. எனக்கு அதனால் குறையில்லை.

"நாலு" என்றேன். "இதுவும் நாலு. இது மூணு. இது..." அடுத்த இலையை அட்டையில் மேலும் கீழும் நகர்த்தினேன். "இது அஞ்சைத் தாண்டுது. இது உன் வயல் இல்லையே? யார் வயலோ, யூரியாவைக் கொட்டியிருக்காங்க. மழைக்கு நிக்காது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டீங்களா தம்பி? உங்க வயலு மழைக்கு நிக்காதாம்!"

அவன் வயலும் அவள் வயலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதிலிருந்து ஓர் இலையை அவள் கலந்து வைத்திருக்கிறாள். அவன் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆனாலும் அவள் என்னை அப்படியே நம்பிவிடவில்லை. "தப்பா நெனைக்காதீங்க மாமா. அட்டைய இன்னிக்கு ராத்திரி என்கிட்ட குடுங்க. காலையில எட்டு மணிக்கு நானும் ஒருதரம் பாத்துடறேன்" என்றாள். முதன்முறையாக அட்டை என் சட்டைப் பையிலிருந்து வேறொரு கைக்குப் போனது. மறுநாள் காலை செய்தி வந்தது: ஏழு இலை நாலு, மூன்று இலை மூணு. மூட்டை பிரிக்கப்படாமல் சுவரோரமே கிடந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "நாப்பது வருஷமா நான் கட்டிக் காப்பாத்துனத ஒரு யூரியா மூட்டைக்கு வித்துட்டு வந்துட்டீங்களே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறும் பூசையில் என் காதருகே குனிந்து, "பீடத்துல மஞ்சள் சாமந்தி" என்றாள். அப்போது மனம் சமாதானமாயிற்று.

கொழுந்தன் ஊர் முழுவதும் சொல்லிவிட்டிருந்தான். கோயில் வாசலில் ஒருவர் தம் குடையை நீட்டி, "பெரியவரே, இது என்ன கலரு?" என்று கேட்டார். "மழையில நனையாத கலரு" என்று சொல்லி நடந்தேன். சில வாரங்கள் எனக்குச் சினம் இருந்தது. பிறகு ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். தெருவில் எதிரே வருபவர்கள் தொலைவிலேயே, "மாமா, நான்தான், மேலத்தெரு" என்றும், "ஐயா, பால்காரன்" என்றும் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். யார் என்று தெரியாமல் விறைத்து நடந்த தெருவில், இப்போது பெயர் பெயராக வணக்கம் திருப்பிச் சொல்லிக்கொண்டு போகிறேன். தலைக்கனம் என்ற பட்டம் தானாகக் கழன்றது. அது போனதில் எனக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

அந்தப் பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை அவள் காலை எட்டு மணிக்கும், நான் மாலை ஐந்தரைக்கும் இலை பார்த்தோம். நான் காலையில் வரநேர்ந்த நாள்களில் அவள் குடை பிடித்தாள், நான் மறுக்கவில்லை. எங்கள் கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத நாள்களில் இன்னும் பத்து இலை எடுத்தோம். பயிர் கேட்ட வாரத்தில் மட்டும் அந்த மூட்டை பிரிந்தது. அப்போதும் பாதிதான் செலவாயிற்று.

கார்த்திகையில் மழை கொட்டியது. அவள் வயலில் மேற்கு மூலை மட்டும் சாய்ந்தது, மற்றதெல்லாம் நின்றது. கொழுந்தனின் வயல் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. தை பிறந்து அறுவடை முடிந்ததும் அவள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சவூதிக்குப் பேசினாள். வயல் அவள் கையிலேயே நின்றது. திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் புதுநெல் ஒரு மரக்கால் வைத்துவிட்டுப் போனாள். அதைக் கையில் அள்ளி, "நல்ல பொன்னிறம்" என்றாள் என் மனைவி. நான் ஒன்றை வாயிலிட்டுக் கடித்துப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றேன். இருவரும் சொன்னது சரி.

அடுத்த சம்பாவில், நடவு முடிந்து மூன்றாம் வாரம், ஒரு மாலை ஐந்து மணி இருக்கும். வாசலில் மொபெட் நின்றது. "பெரியப்பா, நான்தான்" என்று குரல் கேட்டது. கொழுந்தன். சிறிது நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "வெயிலு எறங்கிடிச்சு... என் வயலக் கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா?" என்றான்.

"வர்றேன். ஆனா அட்டை என்கிட்ட இல்ல. உங்க அண்ணிகிட்ட இருக்கு. போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றேன்.

அவன் தயங்கினான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் மொபெட் அவள் வீட்டுப் பக்கம் திரும்பியது. வெளிச்சம் அப்போதுதான் எனக்கு ஏற்றதாகிக்கொண்டிருந்தது.